நாலு பந்து ஓவர்

கடைசி ஓவரில் நாலு பந்துதான் வீசப்பட்டிருந்தது. சித்ரானியின் ஸ்கோர் புத்தகத்தில் அந்தக் கட்டத்துக்குள் மூன்று புள்ளியும் ஒரு ஒன்றும் இருந்தன. ஆல்டர்லிக்காரர்கள் ஜெயிக்க மூன்று ரன் வேண்டும், இரண்டு பந்து பாக்கி. அவள் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு ஐந்தாவது பந்துக்காகக் காத்திருந்தபோது, அம்பயர் தூத்நாத் "ஓவர்!" என்று குரல் கொடுத்துவிட்டு ஸ்டம்பு மேலிருந்த பெயில்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தது. ஃபேர்விண்ட் ஜெயித்துவிட்டது.

தூத்நாத் ஃபேர்விண்ட்காரர். சித்ரானியின் புருஷன்.

கொரன்டைன் கடற்கரையில் மார்ச் மாதக் காற்று யாரையும் பேசவிடாது. அன்றைக்கு அதுவே வாயை மூடிக்கொண்டது போலிருந்தது. மட்டை பிடித்திருந்த காம்ப்டன் முதலில் சிரித்தான். ஆல்டர்லியின் கேப்டன், சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன், ஆறடி ஆள்.

"அண்ணே, விளையாடாதீங்க. இன்னும் ரெண்டு இருக்கு."

"ஆறும் போட்டாச்சு."

"எந்த ஊரு ஆறு?"

தூத்நாத் தன் வெள்ளைக் கோட்டின் வலது பையை வெளியே இழுத்துக் காட்டினார். காலி. இடது பையிலிருந்து ஆறு புளியங்கொட்டைகளை எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். இருபத்திரண்டு வருஷமாக அதே ஆறு. ஒரு பந்து போனால் ஒன்று வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும். தேய்ந்து தேய்ந்து கறுப்புப் பாசிமணி மாதிரி பளபளத்தன.

"புளியங்கொட்டை பொய் சொல்லாது, காம்ப்டன்."

"அந்தப் புளியங்கொட்டைக்கு யாருய்யா ரம் வாங்கிக் குடுத்தது?" என்று எல்லைக்கோட்டிலிருந்து ஒருவன் கத்தினான். ஆல்டர்லி பக்கம் முழுக்க எழுந்துவிட்டது. இன்னொரு அம்பயர் லேக்ராமைக் கேட்டார்கள். அவர் அந்த ஓவர் முழுக்க மைதானத்துக்குள் புகுந்த மாட்டை விரட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். உண்மைதான். மாடு இன்னும் அங்கேயே நின்றது.

கடைசியில் எல்லாத் தலையும் ஸ்கோர் மேஜைப் பக்கம் திரும்பின. அவள் ஊர்ப் பையன் ஒருவன்தான், அண்ணி முறை வைத்து, கெஞ்சுவது போலக் கேட்டான். "பௌஜி, நீங்க சொல்லுங்க. புத்தகம் என்ன சொல்லுது?"

சித்ரானி புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள்.

"நாலு" என்றாள்.

தூரத்தில் அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்பயர் சைகை காட்டினால் ஸ்கோரர் கையைத் தூக்கி 'எழுதிக்கொண்டேன்' என்று காட்ட வேண்டும். அதுவரை அடுத்த பந்து கிடையாது. கல்யாணமானதிலிருந்து அவர்கள் சண்டை போட்ட நாட்களில்கூட அந்தக் கை தூங்கியதில்லை. அன்றைக்கு முதல்முறையாக அது மேஜை மேலேயே கிடந்தது.

"அம்பயர் புருஷன் திருடன், ஸ்கோரர் பொண்டாட்டி சாட்சி! இந்த வீட்டுல ராத்திரிச் சாப்பாடு எப்படி இருக்கும்?" என்றான் காம்ப்டன். கோபத்திலும் அவனுக்கு வேடிக்கை வரும். ஆனால் மட்டையை அவன் தரையில் போட்டுவிட்டுப் போனது வேடிக்கையாக இல்லை.

லீக் கமிட்டி அங்கேயே கூடியது. ஆட்டம் செல்லாது. ஈஸ்டர் திங்கட்கிழமை திரும்ப ஆட வேண்டும். தூத்நாத் இனி அம்பயர் கோட்டைப் போடலாமா கூடாதா என்பதை அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வார்கள். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. ஜனவரியில் ஒரு ஐந்து பந்து ஓவர், வெயில் என்றார்கள். பிப்ரவரியில் ஒரு நாலு பந்து ஓவர், வயசு என்றார்கள். மூன்றாவதுக்கு அவர்களிடம் வேறு காரணம் இல்லை.

*

தூண்கள் மேல் நின்ற வீட்டுக்கு அடியில், நிழலில், ஊஞ்சல் வலையில் அவர் படுத்திருந்தார். சித்ரானி கோட்டை நீலம் போட்டு அலசி, மரவள்ளிக் கஞ்சியில் முக்கிக் கொடியில் போட்டாள். மறுபடி அணியப் போவது போலவே.

"ஆறுன்னு சொல்லியிருக்கலாமேன்னு கேக்க மாட்டேன்" என்றார் அவர்.

"கேட்டாலும் நாலுதான்."

"தெரியும். அதனாலதான் கேக்கல." வலை ஒரு தரம் ஆடி நின்றது. "ஆனா எனக்கு ஆறு. சத்தியமா ஆறு, சித்ரா. என் கையே நகர்த்தியிருக்கு."

"மூணாவது பந்து என்ன?"

"காம்ப்டன் தடுத்தான்."

"நாலாவது?"

அவர் யோசித்தார். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அந்த நேரத்துல பால் தீயிற வாசனை வந்துது" என்றார். "அட்லின் கடையில ஏதோ பொங்கி வழிஞ்சிருக்கும்."

இரண்டு மாதமாக அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பால் தீயுது பாரு" என்பார். அவள் அடுப்பங்கரைக்கு ஓடுவாள். எல்லாப் பாத்திரத்தையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஒரு நாள் அடுப்பையே கழற்றிக் கழுவினாள். பிறகுதான் தோன்றியது: அவர்கள் வீட்டில் டின்பால். காய்ச்சுவதே இல்லை.

*

மறுநாள் காலை அவள் அட்லின் வீட்டுக்குப் போனாள். அட்லின் ஊறவைத்த பருப்பை அம்மியில் விழுது எடுத்து, மஞ்சளும் பூண்டும் மிளகாயும் போட்டு, கையாலேயே அடித்துக்கொண்டிருந்தாள். அடித்த மாவு பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிதுங்கி எண்ணெயில் விழுந்து உருண்டையாக மிதக்கும். பொலூரி. அதைத் தொட்டுக்கொள்ளப் புளிப்பு மாங்காய் விழுது. மைதானத்தில் இருபது வருஷமாக அவள் கடைதான். தேநீர் இடைவேளையில் தூத்நாத்துக்கு அவள் எண்ணி ஆறு உருண்டை போடுவாள். "அம்பயருக்கு ஓவர்" என்பாள்.

"உக்காருடி. அழுதியா, எண்ணெய்ப் புகையா?"

"நீ நேத்து பால் காய்ச்சினியா?"

"மைதானத்துல நான் எதுக்குப் பால் காய்ச்சணும்? ஆட்டக்காரங்க என்ன தொட்டில் பிள்ளைங்களா?" அட்லின் ஒரு சுற்றுப் பொலூரியை எடுத்து வடிய விட்டாள். பிறகு திரும்பாமலே சொன்னாள். "நானே வரணும்னு இருந்தேன். உன் புருஷனை நான் பாத்துக்கிட்டிருந்தேன், சித்ரா. பௌலர் ஃபீல்டை மாத்திக்கிட்டே இருந்தானே, அந்த நேரத்துல. மனுஷன் வாயை மென்னுக்கிட்டிருந்தாரு."

"ஏதாவது போட்டு மென்னிருப்பாரு."

"வாயில ஒண்ணும் இல்ல. என் பொலூரி தின்னா எனக்குத் தெரியாதா? சப்பு சப்புன்னு உதடு. கண்ணு திறந்திருக்கு, ஆளு இல்ல. வலது கை பையிலேர்ந்து அடுத்த பைக்குப் போயிட்டு வருது, போயிட்டு வருது. பந்து போடாமலே. நாலாவது பந்து அவரைத் தாண்டிப் போச்சு, அவரு பாக்கக்கூட இல்ல. அப்புறம் தூங்கி எந்திரிச்ச மாதிரி பையைத் தொட்டுப் பாத்தாரு, 'ஓவர்'ன்னாரு."

சித்ரானி தரையில் சிந்தியிருந்த மாவை விரலால் வழித்தாள்.

"அது வலிப்பு" என்றாள் அட்லின்.

"வாயைக் கழுவு."

"காலையிலயே கழுவிட்டேன்."

"வலிப்புன்னா கீழே விழணும். நுரை தள்ளணும். நீ விழுவியே, அந்த மாதிரி. அவரு நின்னுக்கிட்டில்ல இருந்தாரு?"

அட்லின் சட்டியை இறக்கி வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். சிரித்தபோது முன்பல் ஒன்று இல்லாத இடம் தெரிந்தது.

"உங்களுக்கெல்லாம் தெரிஞ்சது என்னோடது ஒண்ணுதான். விறைப்பேன், விழுவேன், கை காலு வெட்டி இழுக்கும், நாக்கு கடிபடும், பாவாடை நனையும், அப்புறம் ரெண்டு மணி நேரம் பொணம் மாதிரி தூக்கம். டிக்கெட்டு போட்டா ஊரே பாக்க வரும். ஆனா செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில எங்க பெஞ்சுல வந்து பாரு. ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு வரும். அதுக்குக் கண்ணு மட்டும் நிக்கும். பத்து செகண்டு. ரேடியோவுல பேட்டரி லூசான மாதிரி. பேசிக்கிட்டிருக்கிறது நிக்கும், திரும்ப விட்ட இடத்துலேர்ந்தே ஆரம்பிக்கும். கனாக் காணுதுன்னு டீச்சர் காதைத் திருகுவாளாம். ஒரு ரொட்டிக்கடைக்காரன். காலையில எந்திரிச்சதும் தோள் சடக்குன்னு தூக்கிப் போடும், கையில இருக்கிற டீ சுவத்துல. தினம் கோப்பை உடையுதேன்னு அக்கம்பக்கத்துல அவன் பொண்டாட்டியைச் சண்டைக்காரின்னு பேசினாங்க, பாவம். ஒரு சின்னப் பிள்ளை, நூலறுந்த பட்டம் மாதிரி நின்ன இடத்துலேயே சரியும். அதுக்குத் தலையில எப்பவும் ஹெல்மெட்டு. இன்னொருத்தனுக்குக் கட்டைவிரல்ல தொடங்கும், கை மட்டும் துடிக்கும், அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பான், 'கொஞ்சம் இரு, என் கை ஆடி முடிக்கட்டும்'பான்."

சித்ரானிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரி, சிரி. பெஞ்சுல நாங்களும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்போம். அப்புறம் ஒரு வாத்தியார். அவரு விழறதே இல்ல. நிப்பாரு. வாயை மெல்லுவாரு. சட்டைப் பொத்தானைத் தடவுவாரு. ஒரு நாள் சர்ச்சுல பிரசங்கம் நடக்கும்போது எல்லாப் பொத்தானையும் கழட்டிட்டாரு! ஒண்ணு ரெண்டு நிமிஷம். அப்புறம் 'என்ன சொன்னே?'ம்பாரு. அவருக்கு முன்னாடி ஒரு வாசனை வரும். ரப்பர் எரியிற வாசனை."

வடிந்துகொண்டிருந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ரப்பரா?" என்றாள் சித்ரானி.

"ரப்பர். ஏன்?"

"இவருக்குப் பால்."

அட்லின் மாவுக்கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப கேளு. அடுத்த தடவை வரும்போது அவரைப் பிடிச்சு உலுக்காதே. அமுக்காதே. வாயில ஒண்ணையும் திணிக்காதே. என் பல்லு போனது வலிப்புல இல்ல, எங்க அத்தையோட ஸ்பூனுல. தண்ணி, நெருப்பு, படிக்கட்டு, இதுக்கும் அவருக்கும் நடுவுல நீ நில்லு. கடிகாரத்தைப் பாரு. அஞ்சு நிமிஷம் தாண்டினா வண்டி பிடி. தாண்டலேன்னா பக்கத்துல இரு, என்னென்ன நடந்துதோ வரிசையா மனசுல வச்சுக்க. ஆஸ்பத்திரியில அதைத்தான் கேப்பாங்க. எப்படித் தொடங்கிச்சு, எந்தக் கை, எவ்வளவு நேரம். யாருக்கும் சொல்லத் தெரியாது. 'இழுத்துது டாக்டர்'ம்பாங்க, அவ்வளவுதான்."

"மனசுல எதுக்கு?" என்றாள் சித்ரானி. "எழுதிக்கிறேன்."

*

தூத்நாத்தின் வேலை கடல் மதகில். ஊரே கடல் மட்டத்துக்குக் கீழே, ஒரு மண் அணைக்குப் பின்னால் கிடக்கிற பூமி. கடல் உள்வாங்கும்போது மரக்கதவை உயர்த்தி வாய்க்கால் தண்ணீரை வெளியே விட வேண்டும். கடல் ஏறுவதற்கு முன்னால் இறக்க வேண்டும். இரும்புக் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் கதவு ஓர் ஆள் உயரம் எழும். நெல் அறுப்பு முடிந்து சாலை நெடுகக் காய்ந்துகொண்டிருந்த நாட்கள். சித்ரானியும் காலையில் தங்கள் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருக்க வேண்டியவள். அதை விட்டுவிட்டு நாலு நாளாக ஸ்கோர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே மதகுக்கு நடந்தாள்.

"மதகுக்கும் ஸ்கோரா?" என்றார் அவர். அவர் அவளிடம் இன்னும் முழுசாகப் பேச ஆரம்பிக்கவில்லை. கிண்டல் மட்டும் திரும்பியிருந்தது. "நண்டு ஜெயிக்குதா, கடல் ஜெயிக்குதா?"

"நண்டுக்கு ரெண்டு விக்கெட் போச்சு."

நாலாவது நாள், இருபத்தாறாவது சுற்றில், அவர் கைப்பிடியை நிறுத்திக் கொக்கி மாட்டினார். "சித்ரா, பால்..." என்றார்.

அவள் எழுந்து போய் அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றாள். அவர் கண்கள் அவளைத் தாண்டி எங்கோ நின்றன. உதடு மெல்லத் தொடங்கியது. வலது கை சட்டை நுனியைப் பிடித்துத் திருகியது, விட்டது, திருகியது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஓங்கிக் கூப்பிடவில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பிரித்தாள். எழுத்து கோணவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

முடிந்தபோது அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கூப்பிட்டியா?"

"மூணு தடவை."

"கேக்கலையே."

"தெரியும்" என்றாள். அவரைத் தரையில் உட்காரவைத்து, புத்தகத்தின் பின்பக்கத்தை வாசித்துக் காட்டினாள்.

*காலை 6.42. பால் வாசனை என்றார். கண் நிலைத்தது. உதடு மென்றது. வலது கை சட்டை நுனி. இடது கை சும்மா. கூப்பிட்டேன் — பதில் இல்லை, மூன்று முறை. விழவில்லை. 6.43 தாண்டி 20 செகண்டு. பேசினார். நடுவில் நடந்தது எதுவும் நினைவில்லை. பிறகு கொட்டாவி, இரண்டு.*

அவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ஓர் ஆட்டத்தில் தான் அவுட்டானதைப் பிறர் எழுத்தில் படிப்பவர் மாதிரி. கடைசியில், "கொட்டாவியைக்கூட விடலியே நீ" என்றார்.

*

சுகாதார நிலையத்தில் மூத்த நர்ஸ் ஹின்ட்ஸ் அம்மாதான் எல்லாம். டாக்டர் மாதத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிது. அந்தப் பக்கத்தை அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு பக்கத்து அறை நர்சைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள்.

"பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒருத்தர்கூட எனக்கு இப்படி எழுதிக் கொண்டாந்தது இல்ல" என்றாள். "மிஸ்டர் தூத்நாத், வலிப்புல பெருசு சின்னதுன்னு மட்டும் இல்ல. மூளை முழுக்க ஒரே நேரத்துல பிடிக்கிறது ஒண்ணு. ஒரு மூலையில தொடங்கி அங்கேயே சுத்திட்டுப் போறது ஒண்ணு. உங்களுது ரெண்டாவதுன்னு தோணுது. வாசனைதான் அதோட வாசப்படி. மாத்திரை வேற வேற, அதனாலதான் எதுன்னு தெரியணும். நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு எழுதித் தரேன். தலையில ஒயர் ஒட்டி அலை பாப்பாங்க. வலிக்காது. தொடங்கின காரணமும் தேடுவாங்க."

"மதகு?"

"தனியாப் போகக் கூடாது, கொஞ்ச காலத்துக்கு. அணை மேல சைக்கிள் கூடாது. வாய்க்கால்ல குளிக்கக் கூடாது."

அவர் தொண்டையைச் செருமினார். அதற்குத்தான் வந்தவர் போல. "மைதானம்?"

ஹின்ட்ஸ் அம்மா சிரித்தாள். "நிக்கலாம். ஆனா பந்தை நீங்க ஒருத்தரே எண்ணக் கூடாது. கூட எண்ண ஆள் வேணும்."

*

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கடியில் அவர் முடிவாகச் சொன்னார்.

"கமிட்டிக்கு இதைச் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"மேட்ச்சை வித்தவன்னு சொல்லட்டும். ரெண்டு வருஷத்துல மறந்துடுவாங்க. வலிப்புக்காரன்னு ஒரு பேரு வந்தா சுடுகாடு வரைக்கும் வரும்."

சித்ரானி வாய் திறக்குமுன் வேலிப்படல் தள்ளப்பட்டது. அட்லின் நின்றாள், கையில் துணி மூடிய கிண்ணத்தோடு. எல்லாம் கேட்டிருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

"இந்த ஓவருக்கான பொலூரி" என்று கிண்ணத்தை அவர் மடியில் வைத்தாள். "இருபது வருஷமா ஒரு வலிப்புக்காரி கையால ஆறு ஆறாத் தின்னிருக்கீங்களே அண்ணே, அப்ப ருசியாத்தான இருந்துது?"

தூத்நாத்தின் முகம் சிவந்து, பிறகு சுருங்கியது. காற்று கொடியிலிருந்த கோட்டை அடித்தது. அவர் துணியை விலக்கி ஒன்றை எடுத்தார். வாயில் போடவில்லை.

"அட்லின், நான் சொன்னது..."

"சொன்னதை விழுங்குங்க. பொலூரியோட சேத்து விழுங்குங்க, சுலபமாப் போகும்."

அவர் விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதின்போது அவர் கண்ணில் நீர் இருந்தது. மாங்காய்க் காரம் என்று சொல்லிக்கொண்டார்.

"நாளைக்கு நானே பேசறேன்" என்றார். "உன் பெஞ்சுல இடம் இருக்கா?"

"நெருக்கி உக்காந்தா இருக்கும். ஆனா வாத்தியார் பக்கத்துல வேண்டாம். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பொத்தானைக் கழட்டுவீங்க, நாங்க பாவம்."

*

கமிட்டி மைதானத்துக் கொட்டகையில் கூடியது. இரண்டு ஊரும் வந்திருந்தது. தூத்நாத் எழுந்து நின்று, லீக் விதிகளைப் படிப்பது போல ஒரே குரலில், வாசனை, கை, உதடு, நிமிஷம் எல்லாவற்றையும் சொன்னார். "நான் ஏமாத்தல. ஆனா நாலு பந்துதான். புத்தகம் சரி. நான்தான் அங்க இல்ல" என்று முடித்தார்.

யாரோ இருமினார்கள். ஒரு கிழவர், "நிக்கும்போதே வலிப்பா?" என்று சந்தேகப்பட்டார். அட்லின் பின்வரிசையிலிருந்து, "ஆறு விதம் இருக்கு தாத்தா, உக்காருங்க, ஆடிக் காட்டறேன்" என்றாள். சிரிப்பு கிளம்பி கொட்டகைத் தகரத்தில் மோதியது.

காம்ப்டன் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஒரு கேள்வி அண்ணே. போன வருஷம் எனக்கு எல்.பி.டபிள்யூ குடுத்தீங்களே. அதுவும் வலிப்புதானே?"

"இல்ல. அது நீ அவுட்டு."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"நடு ஸ்டம்பு, காம்ப்டன். கோயில் வாசலுக்கு நேரா."

இப்போது அவனும் சிரித்துவிட்டான். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "திருடன்னு சொன்னேன். பௌஜி முன்னாடி சொன்னேன். அதை எடுத்துக்கறேன். கோட்டு அவர்கிட்டயே இருக்கட்டும். எண்ணத்தானே ஆள் வேணும்? ரெண்டு ஊருல முன்னூறு வாய் இருக்கு. சும்மா கத்தறதுக்குப் பதிலா எண்ணட்டுமே."

கமிட்டித் தலைவருக்கு அது எந்த விதியில் வருகிறது என்று தெரியவில்லை. எந்த விதியிலும் கூடாது என்றும் இல்லை. அனுமதித்துவிட்டார். கலையும்போது காம்ப்டன் தூத்நாத்திடம் வந்து, மதகு எத்தனை மணிக்கு என்று கேட்டான். பாய்லர் வேலை இரண்டு மணிக்குத்தான். காலையில் தான் சும்மா இருப்பதாகச் சொன்னான்.

*

ஈஸ்டர் திங்கட்கிழமை வானத்தில் இடமில்லை. வருஷா வருஷம் போல அணை நெடுக மனிதர்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வாலில் பிளேடு வைத்ததும், மூக்கில் தாள் நாக்கு ஒட்டி வண்டு மாதிரி முரலுவதுமாக. அந்த முரலலுக்குக் கீழே ஆட்டம் தொடங்கியது. பந்து மட்டையில் பட்டதும் மைதானம் முழுக்க எழும்:

"ஒண்ணு!"

சித்ரானி புள்ளி வைத்தாள். கோட்டு கஞ்சி மொடமொடப்போடு நின்றது. புளியங்கொட்டைகளும் பையில் இருந்தன, பழக்கம்.

"ரெண்டு!"

முதல் மணி நேரத்திலேயே ஜனங்களுக்கு இது ஆட்டத்தைவிடப் பிடித்துவிட்டது. 'ஆறு' என்பதை நீட்டி இழுத்து, பட்டம் விடுகிறவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்கள். நோ-பால் விழுந்தால் "எண்ணாதே! எண்ணாதே!" என்று ஒருவரையொருவர் அதட்டினார்கள். அட்லின் பொலூரியையும் ஓவர் கணக்கில் விற்றாள். ஐந்து கேட்டவனுக்கு, "அப்புறம் கேஸ் வரும், ஆறா வாங்கிக்க" என்றாள்.

ஃபேர்விண்ட் நூற்று நாற்பத்தொன்று. ஆல்டர்லி தொண்ணூறைத் தாண்டிக்கொண்டிருந்தது. காம்ப்டன் அசைவதாக இல்லை.

"மூணு!" என்று மைதானம் கத்தி முடித்த பிறகு, தூத்நாத் வலது கையைத் தூக்கி மூக்கைத் தொட்டார்.

எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத சைகை. வாசனை வந்தால் காட்ட, முந்தின நாள் சமையலறையில் அவர்கள் இருவரும் ஏற்படுத்தி, காலையில் இரண்டு அணிக்கும் சொல்லிவைத்தது. நியூ ஆம்ஸ்டர்டாமில் தந்த மாத்திரை தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. உடனே நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று ஹின்ட்ஸ் அம்மா சொல்லியிருந்தாள்.

சித்ரானி எழுந்து நின்று கையைத் தூக்கினாள். நன்றாக, உயரமாக. அவர் அதைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அவர் கண் நிலைத்தது.

ஓடத் தொடங்கியிருந்த பௌலர் நின்றான். லேக்ராம் எதிர்முனையிலிருந்து வந்து பெயில்ஸை எடுத்து வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் எந்த மாட்டையும் பார்க்கவில்லை. காம்ப்டன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்து, தூத்நாத்துக்கும் ஸ்டம்புக்கும் நடுவில், பிடிக்காமல், சும்மா நின்றான். ஃபீல்டர்கள் நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்தார்கள். முன்னூறு பேரும் வாயை மூடிக்கொண்டதில் பட்டங்களின் முரலல் மட்டும் கேட்டது. அவர் வலது கை ஒவ்வொரு புளியங்கொட்டையாக எடுத்து இடது பையில் போட்டுக்கொண்டிருந்தது, மெதுவாக, மிகுந்த கவனத்தோடு போல. யாரும் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் அம்மாவிடம், "மாமா எங்க போயிருக்காரு?" என்றாள். "பக்கத்துலதான். வந்துடுவாரு" என்றாள் அம்மா.

ஒரு நிமிஷம் பத்து செகண்டு. சித்ரானி எழுதினாள்.

தூத்நாத் கொட்டாவி விட்டார். காம்ப்டனைப் பார்த்தார். "நீ ஏன் இங்க நிக்கிறே?"

"வெயிலுக்கு அண்ணே. உங்க நிழல் பெருசு."

லேக்ராம் அந்த முனையை ஏற்றுக்கொண்டார். மாற்று அம்பயர் அவர் இடத்துக்குப் போனார். தூத்நாத்தைக் கொட்டகைக்குக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். அட்லின், மரப்பட்டை ஊறவைத்த மாபிக் கஷாயம் ஒரு தம்ளர் கொடுத்தாள். "இது யாரு?" என்று சித்ரானியைக் காட்டிக் கேட்டாள்.

"ஸ்கோரர்."

"பேரு?"

"சித்ரானி. பொய் சொல்லத் தெரியாதவ."

"தெளிஞ்சாச்சு" என்றாள் அட்லின். ஆனாலும் சித்ரானி கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம் முடிந்த பிறகுதான் கோட்டுப் பொத்தானை மாட்டிவிட்டாள். அவர் உள்ளே நடந்தபோது மைதானம் கை தட்டியது. சதம் அடித்தவனுக்குத் தட்டுவது போல, இரண்டு பக்கமும்.

அவர் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று புளியங்கொட்டைகளை வலது பைக்கு மாற்றினார். ஆல்டர்லி நூற்று முப்பது. காம்ப்டன் எழுபத்திரண்டு.

"ஒண்ணு!" என்றது மைதானம். இரண்டு, மூன்று. நாலாவது பந்து குட்டையாக விழுந்து, தாழ்ந்து, நேராக வந்து காம்ப்டனின் கால் பேடில் மோதியது. ஃபேர்விண்ட் மொத்தமும் துள்ளித் திரும்பி அம்பயரிடம் கத்தியது.

தூத்நாத் யோசித்தார். எப்போதும் யோசிக்கிற அளவுதான். பிறகு ஒரு விரலைத் தூக்கினார்.

காம்ப்டன் இரண்டு கையையும் விரித்தான். "அண்ணே! நீங்க இன்னும் முழுசாத் திரும்பி வரல!"

"வந்துட்டேன் தம்பி" என்றார் தூத்நாத். "நீ போ."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே, மட்டையால் புல்லைத் தட்டியபடி நடந்தான். விரல் இன்னும் இறங்கவில்லை. அவர் ஸ்கோர் மேஜைப் பக்கம் பார்த்துக் காத்திருந்தார். சித்ரானி கையைத் தூக்கினாள். மறு கையால் நாலாவது இடத்தில் விக்கெட் குறி போட்டாள்.

"நாலு!" என்று கத்த மறந்திருந்த ஜனங்கள் இப்போது கத்தினார்கள். அந்த ஓவரில் இன்னும் இரண்டு பந்து இருந்தது.